சூரியகாந்தி எண்ணெய் கலங்கினால், காறினால், குறைந்தால்: பாட்டிலில் தொடங்கிக் கழனி வரை

எங்கள் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒடுகத்தூர், அணைக்கட்டு சுற்று வட்டாரத்தில், எண்ணெய் வித்து என்றால் மல்லாட்டைதான், அதாவது வேர்க்கடலை. சூரியகாந்தி போடுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி, பாக்கெட் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியபோதுதான் எனக்கு இந்த ஆசை வந்தது. இந்தியாவுக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினாவிலிருந்து கப்பலில் வருவது. நம் கொல்லையில் விளையாததா என்று 50 சென்டில் போட்டேன். முதல் வருஷம் செய்யக்கூடிய தப்பை எல்லாம் செய்து முடித்தேன். இப்போது யாராவது ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து "இன்னாண்ணா, எண்ணெய் இப்பிடி கீது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் சொல்ல முடிகிறது.

குறை கண்ணில் படுகிற இடம் எண்ணெய், அது பிறந்த இடம் பல சமயம் கழனி. அதனால் பாட்டிலில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போகிறேன். உங்கள் குறை எதுவோ அங்கிருந்து படியுங்கள்.

எண்ணெய் காலையில் கலங்கலாக இருக்கிறது

மார்கழி, தை மாதத்தில் அதிகம் வரும் புகார் இது. பாட்டிலின் அடியில் வெண்மையாகப் பஞ்சு மாதிரி ஏதோ மிதக்கும். உடனே "கலப்படம்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். என் மாமியார் என்னையே சந்தேகப்பட்டார்.

பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் அது மெழுகு. சூரியகாந்தி விதையின் தோலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. தோலோடு ஆட்டும்போது அது எண்ணெயில் இறங்கிவிடும், குளிரில் உறைந்து மிதக்கும். பாக்கெட் எண்ணெயைத் தொழிற்சாலையில் குளிரவைத்து இந்த மெழுகை வடித்து எடுத்துவிடுவதால் அதில் இந்தக் கலங்கல் தெரியாது. சாப்பிட ஒரு கெடுதலும் இல்லை. பார்வைக்குப் பிடிக்கவில்லை என்றால் இரண்டு மூன்று பனி இரவு அப்படியே அசைக்காமல் வைத்து, விடியற்காலையில் மேலாக வடித்துக்கொள்ளுங்கள்.

சூடுபடுத்தியும் தெளியவில்லை என்றால் வேறு இரண்டு காரணம். அடியில் மண் நிறத்தில் சேறு மாதிரி படிந்தால் அது ஆட்டிய கசடு. ஐந்தாறு நாள் தெளியவிட்டு, பழைய வெள்ளை வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டினால் போதும். எண்ணெய் முழுவதும் மங்கலாக, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தால் ஈரம். மரச்செக்கில் ஆட்டும்போது தண்ணீர் தெளிப்பார்கள். அது முழுசாகப் பிரியாமல் தங்கியிருக்கும். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் மெல்லிய துணி கட்டி ஒரு நாள் வெயிலில் வையுங்கள். வேலூர் வெயிலுக்கு ஒரு நாளே ஜாஸ்தி. அதற்கு மேல் வைத்தால் அடுத்த தலைப்பில் சொல்லும் வியாதி வந்துவிடும்.

வாடை வருகிறது, தொண்டையைப் பிடிக்கிறது

இவை இரண்டு வேறு வேறு குறைகள். ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி நாற்றம் வந்தால் அது சிக்கு வாடை. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் என்கிற கொழுப்பு அமிலம்தான் பாதிக்கு மேல். அது காற்றோடும் வெளிச்சத்தோடும் சீக்கிரம் சேர்ந்து கெடும். மல்லாட்டை எண்ணெய் தாங்குகிற அளவுக்கு இது தாங்காது. ஜன்னலோரம், கண்ணாடி பாட்டில், பாதி காலி, மூடி தளர்வு: இந்த நாலும் சேர்ந்தால் வெயில் காலத்தில் கெடுவதற்கு ரொம்ப நாள் ஆகாது. சின்னச் சின்னப் பாத்திரங்களில் கழுத்து வரை நிரப்பி இருட்டில் வைப்பதுதான் வழி. இன்னொன்று, பழைய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும் பாட்டிலிலேயே புது எண்ணெயை ஊற்றுவது. தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான், பழையது புதியதையும் கெடுக்கும். கழுவி, ஈரம் துளி இல்லாமல் காயவைத்து ஊற்றுங்கள். சிக்குப் பிடித்த எண்ணெயைச் சரி செய்ய வழியில்லை. மாட்டு வண்டி அச்சுக்குப் போடலாம், இப்போது வண்டியும் இல்லை.

நாற்றம் பெரிதாக இல்லை, ஆனால் சாப்பிட்டால் தொண்டையில் காறல் தெரிகிறது என்றால், விதை ஈரத்தோடு மூட்டையில் கிடந்திருக்கிறது. ஈரத்தில் விதைக்குள்ளேயே எண்ணெய் உடைந்து காறலாகிவிடும். மில்லுக்குப் போகும் முன்பே நடந்துவிட்ட சேதம் அது. மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடாக இருந்தால் அன்றைக்கே கொட்டிக் காயவையுங்கள். ஈரம் நூற்றுக்கு 9 பங்குக்குக் கீழே இறங்கின பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும். கருவி இல்லாதவர்கள் விதையைப் பல்லில் கடித்துப் பார்ப்போம். 'டக்'கென்று ஓடு உடைந்து பருப்பு இரண்டாக நொறுங்க வேண்டும். பருப்பு நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும்.

அடுப்பில் நுரைக்கிறது, புகைகிறது, சுவரெல்லாம் பிசுக்கு

புது எண்ணெய் முதல் வாட்டி நுரைத்தால் ஈரமும் கோந்துப் பொருளும் இருக்கிறது, தெளியவிட்டது போதவில்லை. பலமுறை பொரித்த எண்ணெய் நுரைத்தால் அதன் ஆயுள் முடிந்தது. சீக்கிரம் புகைவது குறையே இல்லை, சுத்திகரிக்காத எண்ணெயின் குணம் அப்படி. தாளிக்க, வதக்க வைத்துக்கொள்ளுங்கள், வடை சுட மல்லாட்டை எண்ணெய் எடுங்கள்.

பிசுக்குக்கும் காரணம் முன்னே சொன்ன அதே லினோலிக்தான். காற்றில் மெல்லப் படலமாக இறுகுகிற ஜாதி எண்ணெய் இது. எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸில் காலண்டர் தாள் ஒட்டிவிட்டது. கொதிக்கிற தண்ணீரில் சோப்புத்தூளும் சோடாவும் கலந்து தேய்த்தால் போகும், உடனே தேய்த்தால்.

விதை நிறையக் கொடுத்தேன், எண்ணெய் குறைவாக வந்தது

மில்காரர் மேல் பாயும் முன் கணக்கைச் சரி பாருங்கள். விதையைக் கிலோவில் கொடுக்கிறோம், எண்ணெயை லிட்டரில் வாங்குகிறோம். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம்தான், கடைப் பாக்கெட்டிலும் 910 கிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல ஒட்டு ரக (ஹைப்ரிட்) விதையில் எடைக்கு நூற்றுக்கு 35 முதல் 40 வரை எண்ணெய் இருக்கும். அதில் ஒரு பங்கு புண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

முதல் வருஷம் நான் கொடுத்தது 140 கிலோ, வந்தது 31 லிட்டர். எடையில் பார்த்தால் நூற்றுக்கு 20 பங்கு. எனக்கு வயிற்றெரிச்சல். மில்லில் இருந்த பெரியவர் ஒரு கைப்பிடி விதையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "ஏம்பா, இதை ஊதிப் பாரு" என்றார். ஊதினேன். கால்வாசி பறந்துபோய் அவர் வேட்டியில் ஒட்டியது. "நீ தோலைக் கொண்டாந்து எண்ணெய் கேக்குறியே" என்றார். அடுத்த போகத்தில் 200 கிலோவுக்கு 66 லிட்டர் வந்தது, நூற்றுக்கு 30 பங்கு. மில் அதேதான், ஆள் அதேதான்.

ஆக, எண்ணெய் குறைந்தால் இந்த வரிசையில் பாருங்கள். முறத்தில் புடைத்துப் பொக்கு, அதாவது பருப்பில்லாத வெற்று விதை, எவ்வளவு என்று பாருங்கள். (தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது, ஓட்டுக்குள் காற்று இருப்பதால் நல்ல விதையும் மிதக்கும்.) பொக்கு இல்லை என்றால் புண்ணாக்கைக் கையில் நசுக்குங்கள். விரலில் எண்ணெய் மினுமினுப்பு நன்றாகத் தெரிந்தால் செக்கு சரியாகப் பிழியவில்லை, அல்லது விதை ரொம்பக் காய்ந்தோ ஈரமாகவோ இருந்தது. அப்புறம், உங்களுக்கு முன்னால் என்ன ஆட்டினார்கள் என்று கேளுங்கள். மல்லாட்டை ஆட்டிய செக்கில் உங்கள் விதையைப் போட்டால் முதலில் வருவது கலந்த எண்ணெய்தான். அதைத் தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பூ தாம்பாளம் மாதிரி, உள்ளே பொக்கு

பாதிப் பேரின் பிரச்சினை இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முற்றிய பூவை எடுத்து நடுவில் குறுக்காக உடைத்துப் பாருங்கள். பொக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் துப்பு.

*தட்டு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொக்கு:* மகரந்தம் சேரவில்லை. நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்களின் கூட்டம். வெளி வளையத்திலிருந்து உள்ளே நோக்கி, வளையம் வளையமாக, ஒரு வாரம் பத்து நாள் வரை விரியும். ஒவ்வொன்றுக்கும் வேறு செடியின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் பருப்பு நன்றாகப் பிடிக்கும், அந்த வேலையைத் தேனீதான் செய்கிறது. காலை எட்டரை மணிக்கு வரப்பில் நின்று ஒரு பூவை மட்டும் பாருங்கள். ஒரு தேனீ வெளி வளையத்தில் இறங்கி, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு, கடிகார முள் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். நின்றால் ரீங்காரம் காதில் விழ வேண்டும். கழனி அமைதியாக இருந்தால் விளைச்சல் போச்சு என்று அர்த்தம்.

முதல் வருஷம் என் கழனி அமைதியாகத்தான் இருந்தது. பூவில் பச்சைக் காய்ப்புழு இருந்தது. மருந்துக் கடையில் கேட்டேன், ஒரு பாட்டிலைக் கொடுத்து "காலையில அடிங்க" என்றார்கள். அடித்தேன். மறுநாள் வரப்பில் தேனீக்கள் உதிர்ந்து கிடந்தன. கடைக்காரரைச் சொல்லி என்ன, அடித்த கை என்னுடையது. பூத்த பத்து நாளில் மருந்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. புழுவைக் கையால் பொறுக்கலாம், பறவை உட்காரக் குச்சி நடலாம். அடித்தே ஆக வேண்டும் என்றால், எந்த மருந்து என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு, பொழுது சாய்ந்து தேனீ கூட்டுக்குத் திரும்பிய பிறகு அடியுங்கள்.

தேனீ இல்லாத இடத்தில் கையால் சேர்க்கலாம். பனி காய்ந்ததிலிருந்து பதினொரு மணிக்குள், மெல்லிய பருத்தித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பூவின் முகத்தை லேசாகத் தடவிக்கொண்டே போக வேண்டும், குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. ஒருநாள் விட்டு ஒருநாள், நான்கைந்து தடவை. இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்துப் பூக்களை முகத்தோடு முகம் வைத்து மெதுவாக உரசலாம். 50 சென்டுக்கு நானும் என் அம்மாவும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தில் முடித்தோம். முழங்கை வரை மஞ்சள். 5 ஏக்கர் வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், அவர் தேன்பெட்டி வைப்பதுதான் சரி. எக்டேருக்கு 5 பெட்டி என்பது வழக்கமான சிபாரிசு.

*ஓரம் நன்றாகப் பிடித்து, நடுவில் மட்டும் பெரிய வட்டமாகப் பொக்கு:* தண்ணீர். நடு வளையம் கடைசியாகப் பூப்பது, கடைசியாகச் சாப்பாடு கிடைப்பது. மொட்டு கட்டும்போதும் பூக்கும்போதும் பால் பிடிக்கும்போதும் காயவிட்டால் செடி நடுவைக் கைவிட்டுவிடும். எங்கள் செம்மண்ணில் ஈரம் நிற்காது. சித்திரைப் பட்டத்தில் போட்டுவிட்டுக் கிணறு மேலே வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தால் இதுதான் நடக்கும். நெருக்கமாகச் செடி விட்டாலும் இதே அடையாளம். ஒட்டு ரகத்துக்கு வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பொக்கு என்றால் விட்டுவிடுங்கள், அது எல்லாருக்கும் இருப்பது.

*பூ கோணல், மேல் இலைகள் தடித்து மொறமொறப்பு, பூவுக்குக் கீழே தண்டில் வெடிப்பு:* போரான் பற்றாக்குறை. லிட்டருக்கு 2 கிராம் வெண்காரம், அதாவது போராக்ஸ். கொஞ்சம் சுடுதண்ணீரில் முதலில் கரைத்து, பிறகு டேங்கில் ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீரில் கட்டி நின்று நாசிலை அடைக்கும். ஓரத்து மஞ்சள் இதழ் விரியத் தொடங்கும் சமயத்தில் பூ நனைய அடிக்கவும். பிந்தினால் பயன் இல்லை. கூட ஒரு கை இருக்கட்டும் என்று அளவைக் கூட்டாதீர்கள், போரான் மிஞ்சினால் இலை ஓரம் கருகும்.

பூ முறுக்கிக்கொண்டது, தண்டில் கருங்கோடு

போரான் என்று நினைத்து ஏமாறுகிற இடம். இலையில் காய்ந்த திட்டு, காம்பிலும் தண்டிலும் நீளமான கரிய கோடு, பூ முறுக்கித் திரும்பி மலராமலே நிற்பது, இவை சேர்ந்து வந்தால் நெக்ரோசிஸ் என்கிற நச்சுயிரி நோய். 1997-ல் கர்நாடகாவில் முதலில் பெரிதாகத் தெரிந்தது. 2000-ல் ஆந்திராவின் அனந்தபூரில் இதே நச்சுயிரி வேர்க்கடலையில் புகுந்து பெரிய சேதம் பண்ணியது. நம்மைச் சுற்றி மல்லாட்டைக் கொல்லை என்பதால் இதை அலட்சியமாக விட முடியாது.

வந்த செடிக்கு மருந்து இல்லை, பிடுங்கி அழிப்பதுதான். இது தொத்துகிற விதம் விசித்திரமானது. வரப்பிலே வெள்ளையாகப் பூத்து நிற்கும் பார்த்தீனியச் செடியின் மகரந்தத்தில் நச்சுயிரி உட்கார்ந்திருக்கும். மகரந்தம் காற்றில் வந்து இலையில் விழும், இலைப்பேன் சுரண்டிய காயத்தின் வழியே உள்ளே போகும். அதனால் விதைக்கும் முன் வரப்பைச் சுத்தம் பண்ணுங்கள், பார்த்தீனியம் பூக்கும் முன்பே. கழனியைச் சுற்றி மூன்று வரிசை சோளத்தைப் பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே விதைத்தால் வேலி மாதிரி நின்று மகரந்தத்தையும் பேனையும் தடுக்கும். தட்டு மாட்டுக்கும் ஆகும்.

பூவின் முதுகு அழுகுகிறது, இலையில் புள்ளி, செடி திடீரென்று காய்கிறது

முதுகில் தண்ணீர் கோத்த மாதிரி பழுப்புத் திட்டு வந்து, உடைத்தால் உள்ளே சாம்பல் பூஞ்சை இருந்தால் பூ அழுகல். புழுவோ கிளியோ போட்ட காயத்தில் மழை இறங்கினால் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூக்கிற மாதிரி விதைக்காமல் இருப்பது பாதி வைத்தியம்.

கீழ் இலையில் வளையம் வளையமாகக் கரும்பழுப்புப் புள்ளி வந்து மேலே ஏறினால் இலைக்கருகல். மாங்கோசெப் என்கிற பூஞ்சை மருந்து லிட்டருக்கு 2 கிராம், பூப்பதற்கு முன். வெள்ளைப் பொடி தூவின மாதிரி இருந்தால் சாம்பல் நோய், அதற்கு நனையும் கந்தகம்.

தண்ணீர் இல்லாத காய்ச்சலில் செடி திடுதிப்பென்று வாடி, தண்டின் அடியைக் கிழித்தால் உள்ளே கரித்தூள் தூவியிருந்தால் கரியழுகல். அந்தச் செடி முடிந்தது. அடுத்த போகத்துக்கு விதையில் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்கிற நல்ல பூஞ்சையைக் கலந்து போடுங்கள், தண்ணீரை இழுத்துப் பிடிக்காதீர்கள்.

பூ சூரியனைப் பார்த்துத் திரும்பவில்லை

பெயரிலேயே சூரியன் இருப்பதால் வருகிற சந்தேகம். குறை இல்லை. இளஞ்செடியும் மொட்டும்தான் காலையில் கிழக்கும் மாலையில் மேற்கும் திரும்பும். பகலில் தண்டின் கிழக்குப் பக்கமும் இரவில் மேற்குப் பக்கமும் கூடுதலாக வளர்வதால் அந்த ஆட்டம். மலர்ந்து முற்றியதும் ஆட்டம் நின்று கிழக்கு பார்த்து நின்றுவிடும். அதற்கும் காரணம் உண்டு. காலை வெயிலில் பூ சீக்கிரம் சூடாகும், சூடான பூவுக்குத் தேனீ முதலில் வரும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் தொட்டிச் செடிகளைத் திருப்பி வைத்துப் பார்த்து 2016-ல் சொன்னது, கிழக்கு பார்த்த பூவுக்குத் தேனீ ஐந்து மடங்கு வரை அதிகம் வருகிறதாம்.

எங்கள் கழனிக்கு ரோடு மேற்கே. பைக்கை நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்க வந்த பையன்கள் எல்லாம் பூவின் முதுகை மட்டும் பார்த்து ஏமாந்து, உள்ளே இறங்கி நாலு வரிசையை மிதித்துவிட்டுக் கிழக்கு வரப்புக்குப் போனார்கள். கிழக்கே ரோடு இருப்பவர்கள் வேலி போடுங்கள்.

விதையைக் காணோம், தோல் மட்டும் கிடக்கிறது

கிளி. விடிந்ததும் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை வரும். ஊரில் உங்களுடையது ஒன்றே ஒன்று சூரியகாந்திக் கழனி என்றால் ஜவ்வாது மலைக் கிளி மொத்தமும் உங்கள் விருந்தாளி. ஆடியோ கேசட் நாடாவைக் கட்டினேன், ஒரு வாரம் பயந்தது. பளபளக்கிற ரிப்பன் கொஞ்சம் கூட. தகரத்தைத் தட்டிக்கொண்டு ஆள் நிற்பதுதான் கடைசியில் வேலைக்கு ஆனது. இரண்டு மூன்று பேர் பேசிவைத்து ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பங்கு பிரியும். பூவின் முதுகு எலுமிச்சை மஞ்சளாக மாறியதும் அறுத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு நாள் காயட்டும்" என்று விட்ட இரண்டு நாளில்தான் எனக்கு ஒரு மூட்டை போனது. அறுத்த பூவைக் களத்தில் மெல்லிசாகப் பரப்பி மூன்று நாள் காயவைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, அப்புறம் தட்டி எடுக்கலாம். குவித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

முளைக்கவே இல்லை, அல்லது ஏறுமாறாக முளைத்தது

போன மாதம் அறுத்த விதையா? புது விதைக்கு உறக்கம் உண்டு, 45 நாளாவது கழிய வேண்டும். ஒட்டு ரகத்திலிருந்து நீங்களே எடுத்து வைத்த விதையா? முளைக்கும், ஆனால் ஒன்று இடுப்புயரம், ஒன்று ஆளுயரம் என்று வரும், பூவும் ஒரே சமயத்தில் வராது. ஒவ்வொரு போகத்துக்கும் புது விதைதான் வாங்க வேண்டும், ஏக்கருக்கு 2 கிலோ போதும். விதை நல்லதுதான் என்றால் ஆழத்தைத் தோண்டிப் பாருங்கள். 3 சென்டிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், மழை பெய்து செம்மண் மேலே ஓடு கட்டியதும் முளை உள்ளேயே மடங்கிக் கிடக்கும். ஓடு கட்டியிருந்தால் லேசாக ஒரு உயிர்த்தண்ணீர் விடுங்கள், மண்வெட்டியைப் போடாதீர்கள். குழியே காலியாக இருந்து பக்கத்தில் விதையின் ஓடு கிடந்தால் எறும்போ அணிலோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் ஊறவைத்த விதையை ஒரு வாரத்துக்குள் ஊன்றுங்கள். அதற்கு மேல் ஊன்றினால் அந்தச் செடி நிழலில் சவலையாக நிற்கும். பத்தாம் நாள் குழிக்கு ஒரு செடி விட்டு மீதியைப் பிடுங்கிவிடலாம்.